பத்து கிராமும் பதினைந்தாவது மட்டையும்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் கடைத்தெரு வைத்த பெயர் பத்து கிராம். பெற்றவர்கள் வைத்த பெயரும் ஒன்று உண்டு. அதைச் சொல்லி அவரை யாராவது கூப்பிட்டு என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், அந்த இடம் வரும்போது சொல்கிறேன். மற்றபடி வீட்டில் ‘என்னங்க’, ஆபீசில் ‘சார்’, எனக்கு ‘அத்தான்’, முதுகுக்குப் பின்னால் பத்து கிராம்.

அத்தான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகளில் இருக்கும் தராசும் எடைக்கல்லும் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற உத்தியோகம். நான் தராசு ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவர் கடைத்தெருவின் ஒரு முனையில் ஜீப்பை விட்டு இறங்கினால், மறுமுனையிலிருந்து ஆட்கள் தராசைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு ஓடி வருவார்கள். என் பிழைப்பே அவரால்தான் ஓடியது என்று அக்கா சொல்லிக் காட்டுவாள். இருக்கலாம். அதற்காக அவரைப் புகழ்ந்து எழுத என்னால் ஆகாது. ஆளை ரொம்பப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டேன்.

அந்தப் பெயர் வந்தது ஆணிக்கடையில். கடைக்குப் பின்னால் ஒரு கதவு, காற்றில் படபடவென்று அடிக்கும். அது அடிக்காமலிருக்க, தேய்ந்துபோன பழைய ஒரு கிலோ கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார் ஆணிக்கடைக்காரர். அத்தான் அதை எடுத்துத் தட்டில் வைத்தார். பத்து கிராம் குறைந்தது.

“இது யூஸ்லயே இல்ல சார். கதவுக்குச் சும்மா கெடக்குது” என்று கெஞ்சினார் ஆணிக்கடைக்காரர்.

“கல்லு கடைக்குள்ள இருக்கா இல்லையா? இருந்தாலே குத்தம்” என்றார் அத்தான்.

கதவு டமால் டமால் என்று அடித்துக்கொண்டிருக்க, அத்தான் நின்ற இடத்திலேயே கேஸ் எழுதினார். ஆணிக்கடைக்காரரும் ஒன்றும் புத்தர் இல்லை. ஆணி நிறுக்கும்போது அவருடைய சுண்டுவிரல் தட்டில் உட்கார்ந்து இளைப்பாறும், எனக்கே தெரியும். அதை விட்டுவிட்டு அத்தான் பிடித்தது கதவுக் கல்லை! அன்றிலிருந்து கடைத்தெருவுக்கு அவர் பத்து கிராம் ஆனார்.

ஓய்வு பெற்ற நாளில் ஆபீசில் மாலை போட்டு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அடியில் பித்தளைத் தகடு, அதில் பெயர் பொறித்திருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், போன மாதம் ஓய்வு பெற்ற வேறொரு அதிகாரியின் பெயர்.

“அடுத்தவர் பேரு போட்டது நமக்கு எதுக்குங்க? குடுத்துட்டு வாங்க” என்றாள் அக்கா.

“நேரம் சரியாத்தானே காட்டுது” என்று சொல்லி அவர் அதைக் கூடத்தில் மாட்டினார். எனக்கு அவரைப் பிடிக்காது, ஆனால் அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்துப் போனது. காலமெல்லாம் கல்லில் முத்திரை குத்தியவர். எந்த முத்திரையிலும் துறையின் அடையாளமும் வருடமும்தான் இருக்கும், குத்தியவர் பெயர் இருக்காது. கடைசியில் கிடைத்த ஒரே தகட்டிலும் வேறு ஆள் குடியேறிவிட்டார்.

வீட்டில் சும்மா இருந்தவர் சர்க்கரை டப்பாவை நிறுத்துப் பார்க்க ஆரம்பித்ததும், டாக்டரிடம் சொல்லி அவரை நடக்க அனுப்பினாள் அக்கா. நடக்கப் போன இடத்தில்தான் கோல்ஃப் பிடித்துக்கொண்டது. பெரிய இடத்துச் சமாசாரம் என்று நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பின்னால் நகராட்சி பராமரிக்கிற ஒன்பது குழி மைதானம். தகரக் கூரை போட்ட இரண்டு அறைகள்தான் கிளப். ஆனால் வாசலுக்கு நேரே உள்ள நடையில் ஒரு நீளமான மரப்பலகை உண்டு. ஒவ்வொரு வருடமும் கோப்பை ஜெயித்தவரின் பெயரைத் தங்க வர்ணத்தில் அதில் எழுதுவார்கள். முதல் நாள் அத்தான் அதன் முன்னால் நின்றவர் நின்றபடியே இருந்தார்.

“எனக்கு இதுல ஒரு வரி போதும் மாப்ளே” என்றார். வேறெதற்கும் அவர் அப்படி ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய மட்டைப் பையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளுகிற வேலை என் தலையில் விழுந்தது. அக்கா சொன்னால் தட்ட முடியுமா? அப்படித்தான் எனக்கும் இந்த விளையாட்டின் நெளிவுசுளிவு தெரிந்தது. மட்டையின் முகம் எவ்வளவு மல்லாந்து இருக்கிறதோ, பந்து அவ்வளவு உயரமாக எழும்பும், அவ்வளவு கிட்டத்தில் விழும். அந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர், டிகிரியில் சொல்வார்கள். குழியில் நட்ட கொடிக்குக் கிட்டே வந்தபின் எடுக்கிற, நன்றாக மல்லாந்த மட்டைகள்தான் வெட்ஜ். எந்த மட்டையானாலும் சரி, பையில் மொத்தம் பதினாலுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. ஆகவே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்கிற மாதிரி பொறுக்கி எடுக்க வேண்டும். எடைக்கல் பெட்டி மாதிரிதான். நடுவில் ஒரு கல் இல்லையென்றால் அந்த இடத்தில் எல்லாம் குத்துமதிப்பு.

அத்தான் முதலில் ஆடியது யாரோ ஆடிக் கழித்த பழைய செட். அதில் ‘பி’ என்று எழுத்துப் பொறித்த வெட்ஜுக்கு நாற்பத்தெட்டு டிகிரி. பிறகு பளபளவென்று புது செட் வாங்கினார். அதிலும் ஒரு ‘பி’ இருந்தது. அடித்துப் பார்த்தால் பழையதைவிட எக்கச்சக்கமாகத் தள்ளிப் போய் விழுந்தது.

“பாத்தியா மாப்ளே? இந்த வயசுலயும் கையில பலம் ஏறிக்கிட்டே போகுது!”

நான் அந்த மட்டையை என் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கோணமானியில் வைத்தேன். நாற்பத்து மூன்று டிகிரி. கிட்டத்தட்ட பழைய செட்டில் ‘பி’க்கு முந்தின, அதைவிடத் தூரம் போகிற ஒன்பதாம் நம்பர் மட்டை. அதில் ‘பி’ என்று குத்தி விற்றிருக்கிறார்கள். தொள்ளாயிரம் கிராம் கல்லில் ஒரு கிலோ என்று எவனாவது குத்தியிருந்தால் இவர் கடையையே பூட்டி சீல் வைத்திருப்பார். இந்தப் பொய் தன் கைக்குப் பலம் ஏற்றிச் சொன்னதால் வாயை மூடிக்கொண்டு விட்டார்.

பொய்யான முத்திரைக்குப் பலன் சீக்கிரமே தெரிந்தது. நாற்பத்து மூன்றுக்கு அடுத்து அவரிடம் இருந்தது, மணல் பள்ளத்திலிருந்து பந்தை எடுக்கிற ஐம்பத்தாறு டிகிரி வெட்ஜ். இரண்டுக்கும் நடுவே ஒரு லாரி போகிற அளவு இடைவெளி. கொடிக்குத் தொண்ணூறு மீட்டரில் பந்து நின்றால் ஒன்று தாண்டி ஓடும், மற்றது பாதியில் விழும். இந்த ஓட்டையை அடைக்க வெட்ஜ் வாங்கக் கிளம்பினார் அத்தான்.

விளையாட்டுச் சாமான் கடைக்காரர் அன்றைக்கு யார் முகத்தில் விழித்தாரோ! அத்தான் சட்டைப்பையில் என் கோணமானியோடு போய் நின்றார். ஐம்பத்திரண்டு என்று போட்டிருந்த வெட்ஜ் ஐம்பத்தொன்று காட்டியது. திருப்பி அனுப்பினார். அடுத்து வந்தது ஐம்பத்திரண்டரை. அதையும் அனுப்பினார். “அரை டிகிரிதான சார்?” என்று கடைக்காரர் கேட்டதற்கு, “பத்து கிராம்தான சார்னு கேட்டவங்களையும் நான் பாத்திருக்கேன்” என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு அத்தான் தெருவில் வருவது தெரிந்தாலே அந்த மனிதர் பின்னால் போய்ப் பெட்டி அடுக்க ஆரம்பித்துவிடுவார். கடைசியில் நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தாறு, அறுபது என்று வரிசை அமைந்தது. பதினாலுக்குள் அடங்குவதற்காக, அவர் எப்போது அடித்தாலும் வேலியில் போய் விழுகிற இரண்டு நீள மட்டைகளை பீரோவுக்குப் பின்னால் போட்டார். இதுவரைக்கும் அவர் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது. விவரம் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

குறை அதற்கடுத்து வந்தது. ஒவ்வொரு வெட்ஜும் எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்தாக வேண்டும் இல்லையா? பயிற்சித் திடலுக்கு என்னையும் அக்காவையும் நாடாவோடு கூட்டிப் போனார். நாற்பத்தெட்டை எடுத்து அடித்துக்கொண்டே இருந்தார். பந்துகள் எண்பதிலும் எண்பத்தைந்திலும் கும்பலாக விழுந்தன. ஒன்று மட்டும், முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று அடித்தபோது, காய்ந்த தரையில் விழுந்து உருண்டு தொண்ணூற்றைந்தில் நின்றது.

“தொண்ணூத்தஞ்சு. எழுதிக்கோ.”

“மத்ததெல்லாம் எண்பத்தஞ்சுக்குள்ளதானே அத்தான் இருக்கு?”

“அதெல்லாம் அடியே இல்ல மாப்ளே. நழுவிப்போனது.”

நாடாவின் மறுமுனையிலிருந்து அக்கா கேட்டாள். “ஏங்க, நல்ல கல்லு ஒண்ணு இருக்கு, மத்தது தேஞ்சதுன்னு ஒரு கடைக்காரன் சொன்னா விட்டுருவீங்களா?”

“உனக்கு விளையாட்டு தெரியாது” என்றார். இப்படியே எல்லா வெட்ஜுக்கும் ஆகச் சிறந்த அடியை எடுத்து, இடைவெளி சீராக ஒரு அட்டவணை தயாரித்து, அட்டையில் ஒட்டி பிளாஸ்டிக் உறை போட்டுப் பையில் தொங்கவிட்டார். கிளப்பில் எல்லோருக்கும் ஆளுக்கொரு பிரதி. கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் விளக்கம். டிகிரியில் அரை விடாத மனிதர், மீட்டரில் பத்தைத் தனக்குத் தானே தானம் செய்துகொண்டார்.

ஒன்பதாம் குழிக்கு முன்னால் ஒரு குளம் இருக்கிறது. கொடி நட்ட புல்தரைக்குப் பின்னால் முள்வேலி, அதைத் தாண்டினால் ரோடு. அத்தானின் பந்து வழக்கமாகத் தொண்ணூறு மீட்டரில் வந்து நிற்கும். அட்டையைப் பார்ப்பார், நாற்பத்தெட்டை எடுப்பார், அழகாக அடிப்பார், பந்து அழகாகக் குளத்தில் விழும். “காத்து” என்பார். மரத்தில் இலை அசையாத நாளில், “மேல காத்து” என்பார். வாரம் தவறாமல் குளத்துத் தவளைகளுக்குப் பந்து சப்ளை ஆனது.

இந்த லட்சணத்தில் அந்த வருடம் இறுதி ஆட்டத்துக்கு எப்படி வந்தார் என்று கேட்பீர்கள். ஒருவர் முதுகுவலி என்று வரவில்லை. ஒருவர் மகள் கல்யாண வேலையில் வரவில்லை. மூன்றாமவர் வந்தார், அட்டவணை விளக்கத்தைக் கேட்டுக் கேட்டே களைத்துப்போய்த் தோற்றார். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர், கிளப்பில் பழைய உறுப்பினரான அதே ஆணிக்கடைக்காரர்.

ஆட்டத்தன்று காலையில் பையைத் துடைத்துக்கொண்டிருந்த அத்தானிடம் அக்கா கேட்டாள். “எல்லாத்தையும் எண்ணிட்டீங்களா?”

“எண்ணியே தலை நரைச்சவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?”

அன்றைக்கு அத்தான் நன்றாகவே ஆடினார், இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். குறைந்த அடியில் பந்தைக் குழிக்குள் போட்டவருக்கு அந்தக் குழி என்பது கணக்கு. ஆணிக்கடைக்காரர் ஒரு குழி எடுத்தால் இவர் ஒரு குழி எடுத்தார். எட்டு குழி முடிந்தபோது இரண்டு பேரும் சமம். ஒன்பதாவதில் ஆணிக்கடைக்காரர் அவசரப்பட்டுப் பந்தைக் குளத்தில் விட்டு, தண்டனையாக ஓர் அடி கூடுதலாக வாங்கிக்கொண்டு, தட்டுத்தடுமாறிக் கரை சேர்ந்தார். இப்போது அத்தான் குளத்தைத் தாண்டினால் போதும். பலகையில் அந்த ஒரு வரி அவருக்குத்தான்.

பந்து வழக்கம்போல் தொண்ணூறு மீட்டரில் நின்றது. அத்தான் அட்டையைப் பார்த்தார். கை நாற்பத்தெட்டின் மேல் போனது, அங்கேயே நின்றது. குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பையின் ஓரத்தில் மழையுறைக்கு அடியில் கைவிட்டு வேறொரு வெட்ஜை உருவினார். நான் அதை அதற்குமுன் பார்த்ததில்லை. அடியில் நாற்பத்தாறு என்று போட்டிருந்தது.

அடித்தார். பந்து எழும்பி, குளத்தைத் தாண்டி, கொடிக்குப் பக்கத்தில் பொத்தென்று விழுந்து அப்படியே உட்கார்ந்தது. மெதுவாக இரண்டு தட்டு தட்டிக் குழிக்குள் போட்டு, ஒரு குழி வித்தியாசத்தில் ஜெயித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்துதான் எனக்குப் புத்தி வேலை செய்தது.

“அத்தான், அந்த நாப்பத்தாறு எப்ப வாங்குனீங்க?”

“போன மாசம். சும்மா சோதிச்சுப் பாக்க.”

“சரி, அப்ப எதை வெளிய எடுத்தீங்க?”

நான் எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். பதினைந்து.

“எதை எடுக்கச் சொல்ற? எதை எடுத்தாலும் நடுவுல ஓட்டை விழுது மாப்ளே.”

“நாப்பத்தெட்டை எடுத்திருக்கலாமே. அதான் குளத்தையே தாண்ட மாட்டேங்குதே.”

“அதை எடுத்தா, அது தொண்ணூத்தஞ்சு போகலன்னு ஆயிடுமே. ஊருக்கெல்லாம் அட்டை குடுத்திருக்கேன்.”

இதுதான் அத்தான். பை முழுக்க அவரிடம் நிஜமாகவே அந்தத் தூரம் போகிற வெட்ஜ் ஒன்றே ஒன்று இருந்தது. அது இருக்கவே கூடாத மட்டை.

“உள்ள போய்ச் சொல்லிடுங்க அத்தான். ரெண்டு குழி கழிப்பாங்க, அவ்வளவுதான்.”

“கழிச்சா தோத்துருவேன்ல?” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “இங்க பாரு. அந்த அறுபத நான் ஆட்டம் முழுக்கத் தொடவே இல்ல. சும்மா கெடந்துச்சு. அப்ப நான் ஆடுனது பதினாலுதானே?”

பின்னால் கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பக்கத்து வண்டியில் பையை ஏற்றிக்கொண்டிருந்தவர் ஆணிக்கடைக்காரர். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

“என் கல்லும் அன்னைக்குச் சும்மாதான் சார் கெடந்துச்சு.”

அத்தானுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

“பயப்படாதீங்க. நான் போய் யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல” என்றார் ஆணிக்கடைக்காரர். “எம்பேரு போட்ட பலகை கடை வாசல்லயே இருக்கு, ரோட்டுல போற பஸ்ல இருந்து பாத்தாலும் தெரியும். இது உங்களுக்குத்தான் வேணும். வச்சுக்குங்க.” சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அத்தான் அந்த நாற்பத்தாறைக் கையில் பிடித்தபடி நின்றார். கிளப் வாசல் இருபது அடிதான். செயலாளர் உள்ளேதான் இருந்தார். போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக நினைத்தேன். ஒரு அடி எடுத்தும் வைத்தார்.

அப்போது உள்ளே மைக் கரகரத்தது. கோப்பையை வாங்க வரச்சொல்லி, பெற்றவர்கள் வைத்த அந்தப் பெயரை, தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு முழுசாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கை தட்டினார்கள். அத்தான் அதைக் கேட்டபடி அசையாமல் நின்றார். பிறகு வெட்ஜை டிக்கியில் போட்டு, மேலே பழைய துண்டைப் போர்த்தி, மூடினார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

பலகையில் பெயர் ஏறிவிட்டது. தங்க வர்ணம், நல்ல எழுத்து. ஆணிக்கடைக்காரர் சொன்ன சொல் தவறவில்லை, யாருக்கும் மூச்சுவிடவில்லை. தோற்றவரே வேண்டாமென்று விட்டதை நான் போய்க் கிளற முடியுமா? ஆனால் அத்தான் அதற்குப் பிறகு கிளப்புக்கு முன்வாசல் வழியாகப் போவதில்லை. புல்வெட்டும் இயந்திரம் நிறுத்துகிற கொட்டகையைச் சுற்றிக்கொண்டு, எண்ணெய் நாற்றத்தில் மூக்கைப் பிடித்தபடி பின்வாசல் வழியாக நுழைகிறார். கேட்டால், “இந்தப் பக்கம் நிழலா இருக்கு” என்கிறார். கடைத்தெருவையே நடுங்கவைத்த மனிதர் ஒரு மரப்பலகைக்குப் பயந்து சுற்றுவழி போகிறார். பையில் இப்போது பதின்மூன்று மட்டைதான், அதையும் குழிக்குக் குழி எண்ணுகிறார். நாற்பத்தாறு டிக்கியிலேயே கிடக்கிறது. நாற்பத்தெட்டு இன்றைக்கும் தொண்ணூற்றைந்து போகும் என்றுதான் சொல்கிறார். குளத்தில் விழுந்தால் காத்து.

அக்காவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒன்றும் கேட்டுச் சண்டை போடவில்லை. ஒரு நாள் கூடத்துச் சுவரை ஒட்டடை அடிக்கும்போது, அந்தக் கடிகாரத்தைக் கழற்றி, பித்தளைத் தகட்டை முந்தானையால் துடைத்தாள். அத்தான் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“ஏங்க, யாரோ ஒருத்தர் பேரு நம்ம வீட்டுச் சுவத்துல தொங்குது. உங்க பேரு இன்னொருத்தர் எடத்துல தொங்குது. ரெண்டு தட்டும் சமமாயிடுச்சு. முத்திரை குத்திடுங்க.”

அத்தான் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய் அவள் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கி, மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார்.